கலப்பு எங்கே தலையீடாகின்றது?

'ஆங்கிலம் எல்லா மொழிகளினின்றும் சொற்களைக் கடன்கொண்டது, கலந்தது, கலந்ததனாலேயே வளர்ந்தது. தமிழ் மட்டும் ஏன் தனித்து நிற்றல் வேண்டும்?' தனித்தமிழ் பற்றிய பேச்செழும் இடந்தொறும் தவறாமல் எழுப்பப்பெறும் வினா இது. வினவுவோருள் தமிழ்ப்பகைவரும் உளர். தமிழ்ப்பற்று உடையரேனும் வரலாறு அறியாது மயங்குவோரும் உளர். முன்னவர்க்கு விடை கூறிப் பயனில்லை. பின்னவர்க்கோ விடை கூறியே ஆகல் வேண்டும். அவ்விடையைத் தமிழ்நாட்டில் தேட வேண்டுவதின்று. ஆங்கிலத்தின் ஒரு சிறு சொல்லிலேயே அது பொதிந்து கிடக்கின்றது.

அச்சொல் 'மெடில்' என்பது. பிறர் செய்தியில் அழையாது புகுந்து தலையிடுதல் என்பது அதன் இற்றைப் பொருள். வீண்தலையீடு செய்பவனை 'மெட்லர்' என்று ஆங்கிலர் இகழ்வர். ஆயின் இச்சொல் தோன்றியபோது அதற்குத் தலையிடுதல் என்னும் பொருள் இல்லை. இகழ்ச்சிப் பொருளும் இல்லை. 'கலத்தல்' என்பதே அதன் முதற்பொருள். கலத்தலைக் குறித்த சொல் தலையிடுதலைக் குறிக்கும் சொல்லாக மாறியது எங்ஙனம்? கலப்பின் வரலாறு முழுவதும் இவ்வொரு வினாவினுள் அடங்கும்.

சொல் ஏறிய மூன்று படிகள்

இலத்தீனில் 'மிசுக்கேரே' என்பது கலத்தலைக் குறிக்கும் வினை. அவ்வேரினின்று மக்கள் வழக்கு இலத்தீனில் 'மிசுக்குலாரே' என்றொரு வடிவம் கிளைத்ததென மொழிநூலார் காட்டுவர். அது பழம்பிரெஞ்சில் 'மெசுலர்' ஆயிற்று. இங்கிலாந்தைக் கைப்பற்றி ஆண்ட நார்மானியரின் வாயில் இடைநின்ற சகரவொலி டகரமாகத் திரிந்து 'மெட்லர்' என நின்றது. அதனின்றே ஆங்கிலத்தின் 'மெடில்' பிறந்தது. இற்றைப் பிரெஞ்சில் அதே சொல் 'மெலே' எனத் தேய்ந்து, இன்றும் கலத்தலையே குறிக்கின்றது.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல் ஆங்கிலத்துள் வந்தபோது ஒன்றொடொன்று கலத்தலையே சுட்டியது. இது முதற்படி. அந்நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே ஒரு செயலில் ஈடுபடுதல், அதனைத் தன் பொறுப்பாகக் கொள்ளுதல் என்னும் பொருள் அதனோடு சேர்ந்தது. இஃது இரண்டாம் படி. பின்னர், தனக்குரியதல்லாத செயலில் புகுந்து இடர்விளைத்தல் என்னும் பொருள் தோன்றி வலுத்தது. இது மூன்றாம் படி. முதற்பொருள் நாளடைவில் வழக்கொழிந்தது. இன்று ஆங்கிலச் சிறுவன் ஒருவனிடம் 'மெடில் என்றால் கலத்தல்' என்று கூறின் அவன் வியந்து நோக்குவான்.

கலத்தல், ஈடுபடுதல், தலையிடுதல் எனும் இம்மூன்று படிகளும் ஒரு சொல் தற்செயலாக ஏறிய படிகள் மட்டுமல்ல. அயன்மொழி ஒன்று ஒரு மொழியுட் புகும் முறையும் இதுவே. முதலில் ஓரிரு சொற்களாக வந்து கலக்கும். பின்னர் ஒரு துறையின் பொறுப்பை ஏற்கும். இறுதியில் வீட்டுக்காரனையே வெளியேறச் சொல்லும்.

அதே இலத்தீன் வேர் ஆங்கிலத்துட் பன்முறை புகுந்துள்ளமை நோக்கத்தக்கது. 'மெட்லி' என்பது முதற்கண் நேருக்கு நேரான அடிதடியைக் குறித்துப் பின்னர்க் கலவையைக் குறித்தது. அடிதடியைக் குறிக்க 17ஆம் நூற்றாண்டில் 'மெலே' என்னும் பிரெஞ்சு வடிவம் மீண்டும் கடனாகப் பெறப்பட்டது. தமிழிலும் 'கைகலப்பு' என்பது அடிதடியன்றோ? தொடர்பற்ற இரு மொழிகள் கலத்தலையும் பூசலையும் ஒரே வேரில் கண்டிருப்பது மாந்தப் பட்டறிவின் விளைவென்க. இனி, ஆங்கிலர் கலத்தலுக்கு நாள்தோறும் வழங்கும் 'மிக்சு' என்பதோ, அவ்வேரின் எச்சவடிவம் ஒன்றை ஆங்கில எச்சமென மயங்கிக்கொண்டு, அதனினின்று 16ஆம் நூற்றாண்டில் பிரித்தெடுத்த வினையாகும்.

அங்ஙனமாயின், கலத்தலைக் குறிக்க ஆங்கிலர்க்குத் தம் சொல்லே இல்லையோ எனின், இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'மெங்கன்' என்பது கலத்தலைக் குறித்த வினை. செருமானியத்தில் அதன் உடன்பிறப்பான 'மெங்கன்' இன்றும் உயிரோடுள்ளது. ஆங்கிலத்திலோ அது வழக்கிறந்தது. அதன் வழிவந்த 'மிங்கிள்' என்னும் சொல்லும், கூட்டத்தின் நடுவே என்னும் பொருளில் தோன்றிய 'அமங்' என்னும் இடைச்சொல்லுமே எஞ்சின. கலத்தல் என்னும் கருத்துக்குரிய சொல்லையே கலப்பு விழுங்கிற்று.

'மெடில்' தனித்த எடுத்துக்காட்டன்று. தலையிடுதலுக்கு ஆங்கிலர் பெருக வழங்கும் 'இண்டர்பியர்' என்னும் சொல்லையும் காண்க. அதுவும் பழம்பிரெஞ்சினின்று வந்ததே. அடித்தலைக் குறிக்கும் 'பெரீரே' என்னும் இலத்தீன் வேர் அதனுள் உள்ளது. ஒன்றையொன்று அடித்துக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் வந்தபோது, நடக்குங்கால் ஒரு காற்குளம்பால் மறுகாலை இடித்துக்கொள்ளும் குதிரையையே அது குறித்தது. குதிரை வளர்ப்போரிடை அப்பொருள் இன்றும் உண்டு. 17ஆம் நூற்றாண்டிலேயே மாந்தர் செயலில் தலையிடுதலைக் குறிக்கலாயிற்று. ஒளியலைகள் ஒன்றனையொன்று குறுக்கிடுதலை விளக்கிய தாமசு யங்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல்லை அறிவியலுக்குக் கொணர்ந்தார். அதனைத் தமிழ்ப் பாடநூல்கள் 'குறுக்கீட்டு விளைவு' என அழகுற வழங்குகின்றன. ஆங்கில மாணவன் 'இண்டர்பியர்' என்பதனுள் குதிரையையும் காணான், அடியையும் காணான். தமிழ் மாணவனோ குறுக்கீடு என்பதனுள் குறுக்கே இடுதலையும், தலையீடு என்பதனுள் தலையை இடுதலையும் ஆசிரியர் சொல்லாமலே காண்பான்.

ஆங்கிலப் பொதுமக்களின் வாயில் மட்டும் தாய்மொழி அழியவில்லை. பிறர் செய்தியில் மூக்கை நுழைத்தல் என்று தமிழர் கூறுவதையே ஆங்கில உழவனும் கூறுவான். நுழைத்தலும் மூக்கும் அங்கே அவன் தாய்மொழிச் சொற்களே. 'பிசிபாடி' எனத் தலையிடுவோனைப் பழிப்பதும் அத்தகையதே. மேலோர் மொழி கலந்தது. மக்கள் மொழி காத்தது. எந்நாட்டிலும் இதுவே நிகழ்ச்சி.

கலந்தனரோ, கலக்கப்பட்டனரோ?

ஆங்கிலர் விரும்பிக் கலந்தனர் என்பது வரலாறறியார் கூற்று. 1066ஆம் ஆண்டு அக்குதோபர் 14ஆம் நாள் ஏசுட்டிங்சுப் போரில் ஆங்கில மன்னன் அரோல்டு வீழ்ந்தான். நார்மண்டிக் கோமகன் வில்லியம் அரியணை ஏறினான். நிலமும் ஆட்சியும் சமயத்தலைமையும் பிரெஞ்சு பேசிய நார்மானியர் கைக்கு மாறின. அதன்பின் மூன்று நூற்றாண்டு அளவும் அரசவையும் பெருமக்களும் பிரெஞ்சு பேசினர். எழுத்தில் இலத்தீன் கோலோச்சியது. ஆங்கிலம் ஏர்முனையிலும் அடுக்களையிலும் கிடந்தது.

1362ஆம் ஆண்டில், வழக்குமன்றத்தில் பேசப்படும் பிரெஞ்சு மக்கட்கு விளங்கவில்லையாதலின் வழக்குகள் ஆங்கிலத்திலேயே உரைக்கப்படுதல் வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! 1399இல் நான்காம் என்றி அரியணைக்குத் தன் உரிமையை ஆங்கிலத்திற் கூறியது ஒரு வரலாற்று நிகழ்ச்சியாயிற்று. தன் நாட்டு மன்றில் தன் நாட்டு மொழியில் மன்னன் பேசியது வரலாறாக எழுதப்படுமாயின், அம்மொழி பட்ட இழிவுதான் என்னே! மன்றப் பதிவுகளினின்று இலத்தீனும் வழக்குமன்றப் பிரெஞ்சும் சட்டப்படி நீங்கியது 1733இல் ஆகும். இன்றுங்கூட, இங்கிலாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திற்கு அரசிசைவு அறிவிக்கப்படுவது நார்மன் பிரெஞ்சுத் தொடரில்தான். ஆயிரமாண்டு அளவிற்றாகியும் வென்றவன் மொழி ஆட்சிப் பீடத்தின் நாவைவிட்டு அகலவில்லை.

இதனை விரும்பிய கலப்பு என்பதோ? படைகொண்டு புகுந்தவன் மொழிக்கு இடங்கொடுத்தல் கொடையாகாது.

இழந்தவை எவை?

நார்மானியர் வருமுன் ஆங்கிலம் வறிய மொழியாய் இருந்ததில்லை. இலக்கணத்தை 'எழுத்துக்கலை' எனவும், வானியலை 'விண்மீன்கலை' எனவும், கணக்கியலை 'எண்கலை' எனவும், நூலகத்தை 'நூற்குவை' எனவும் பொருள்படும் தம் சொற்களாலேயே பழைய ஆங்கிலர் வழங்கினர். அவை அனைத்தும் மாண்டன. அவற்றின் இடத்தில் இலத்தீன், கிரேக்க, பிரெஞ்சுச் சொற்கள் அமர்ந்தன. படைக்கும் அமைதிக்கும் மக்களுக்கும் இருந்த தாய்மொழிச் சொற்களும் அவ்வாறே மறைந்தன.

மாண்ட சொற்களினும் இரங்கத்தக்கன, இழிந்து வாழும் சொற்கள். 'டூம்' என்பது ஒருகாலத்தில் தீர்ப்பையும் சட்டத்தையும் குறித்த மேன்மைச் சொல். பிரெஞ்சுச் சொல் வந்து தீர்ப்பிருக்கையில் அமர்ந்தபின் 'டூம்' கேட்டையும் அழிவையும் குறிக்கலாயிற்று. 'சுடூல்' என்பது அரியணையையும் குறித்த சொல். 'சேர்' என்னும் பிரெஞ்சுவழிச் சொல் வந்தபின் அது சாய்வற்ற முக்காலியாய்க் குறுகியது. 'சுடெஞ்சு' என்பது நறுமணத்திற்கும் உரிய பொதுச்சொல். இன்றோ முடைநாற்றம் ஒன்றையே குறிக்கின்றது.

இங்கே தமிழர் ஒரு கணம் நிற்றல் வேண்டும். திருக்குறளில் 'நாற்றம்' என்பது மலரின் நறுமணம். 'வாசனை' வந்து மணக்கத் தொடங்கியபின் 'நாற்றம்' மூக்கைப் பொத்தவைக்கும் சொல்லாயிற்று. 'சாதம்' இலையேறியபோது 'சோறு' நாகரிகமற்றோர் சொல்லென நகையாடப்பட்டது. ஆங்கிலன் இழந்த முறையிலேயே தமிழனும் இழந்திருக்கின்றான். அயற்சொல் மேலிருக்கையைக் கொள்ளும். தாய்ச்சொல் கீழ்த்திண்ணைக்குத் தள்ளப்படும். இதுவே கலப்பின் மூன்றாம் படி.

ஆடு, மாடு, பன்றி உயிரோடு இருக்கும்போது ஆங்கிலப் பெயர். இறைச்சியாகித் தட்டில் வரும்போது பிரெஞ்சுப் பெயர் என்பதை வால்டர் இசுக்காட்டு 1819ஆம் ஆண்டு வெளிவந்ததாகக் குறிக்கப்படும் 'ஐவன்கோ' புதினத்திற் சுட்டிக்காட்டினார். அவ்வேறுபாடு பிற்காலத்திலேதான் கூர்மையுற்றது என்பர் மொழிநூலார். அது மெய்யே. எனினும் வளர்த்தவன் சொல் கொட்டிலிலும் உண்டவன் சொல் தட்டிலும் நிலைத்தமை பொய்யன்று.

காலங்கடந்த விழிப்பு

கலப்பே ஆங்கிலத்தின் பெருமை எனின், ஆங்கில அறிஞரே அதனை ஏன் நொந்தனர்? கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராய் இருந்தவரும், மன்னன் ஆறாம் எட்வர்டுக்குக் கற்பித்தவருமாகிய சர் சான் சீக்கு 1557இல் தாமசு ஓபிக்கு எழுதிய மடலில், ஆங்கிலம் தூய்மையாகவும் அயற்கடனால் கலக்கப்படாமலும் எழுதப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். ஓயாது கடன்வாங்கித் திருப்பிச் செலுத்தாத மொழி கடனாளியாய் முடியும் என்பதும் அவர் கருத்து. மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, நூற்றுவர் தலைவனுக்கும், மீண்டெழுதலுக்கும், நிலவால் மனந்திரிந்தவனுக்கும் ஆங்கில வேர்களினின்றே சொல் வடித்தார்.

ஆனால் அம்மடலில் ஒரு துயரம் உண்டு. 'கலவாத' என்று கூற அவர் கைக்கு எட்டிய சொல், 'மெடில்' பிறந்த அதே இலத்தீன் வேரினது! 'தூய' என்று கூற எட்டிய இரு சொற்களுள்ளும் ஒன்று இலத்தீன்வழிச் சொல்லே! தூய்மையை வேண்டிய பேரறிஞருக்கே கலவாமையைச் சொல்லத் தன்மொழிச் சொல் கைவரவில்லை. ஏறத்தாழ 500 ஆண்டுக் கலப்பு செய்த வேலை அது.

19ஆம் நூற்றாண்டில் தார்செட்டுப் பகுதிப் பாவலர் வில்லியம் பார்னசு மீண்டும் முயன்றார். 1878இல் இலக்கணநூல் ஒன்றை எழுதி, இலக்கணம் என்பதற்கே 'பேச்சுக்கலை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் படைத்து நூற்பெயராக்கினார். பொதுமக்கள் ஊர்திக்கு 'மக்கள்வண்டி' எனத் தன்மொழியிற் பெயரிட்டார். பலர் நகைத்தனர். நகைத்தோர் ஒன்றை மறந்தனர்: நாட்டுப்புற வழக்காறுகளைக் குறிக்க 1846இல் வில்லியம் தாம்சு ஆங்கில வேர்களைக்கொண்டே படைத்த 'போக்லோர்' என்னும் சொல்லை அவர்களே மகிழ்ந்து வழங்கினர். ஆக, முடியாதது என்று எதுவுமில்லை. முயல்வோர் சிலராகவும் நகைப்போர் பலராகவும் இருந்ததே குறை.

வளர்ந்ததன் கரணியம்

இத்துணைக்குப் பின்னும் ஆங்கிலம் உலகெங்கும் பரவியுள்ளதே எனலாம். பரவியது உண்மை, சேக்சுபியரைப் பெற்ற மொழியின் ஆற்றலை மறுப்பதும் அறிவாகாது. ஆயின் அது பரவியது கலப்பினாலன்று. கப்பலினால், வணிகத்தினால், படையினால், பின்னர் அமெரிக்கப் பொருள்வலிமையினால். ஆட்சிக்கோலைக் கையிற் பிடித்த மொழிக்குக் கலப்பு ஊறுசெய்யினும் உயிர்போக்காது; பேசுவோர் அதனைக் கைவிடார். ஆட்சிக்கோல் இழந்த மொழிக்கோ தூய்மையே அரண். செல்வன் ஒருவன் கடன்பட்டும் வாழ்கின்றான் என்பதால், கடன்படுதலே செல்வம் தரும் என்று ஏழைக்குக் கூறுவார் உண்டோ?

ஐசுலாந்தைக் காண்க. அந்நாட்டு மக்கள்தொகை நான்கு இலக்கத்திற்கும் குறைவு. அவர்கள் மின்சாரத்தை 'அம்பராற்றல்' எனப் பொருள்படும் தம் சொல்லால் அழைப்பர். தொலைபேசிக்கு, இழையைக் குறித்த பழஞ்சொல் ஒன்றை எழுப்பி உயிர்கொடுத்தனர். கணிப்பொறிக்கு, எண் என்னும் சொல்லையும் வருவதுரைக்கும் பெண்ணைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் இணைத்து 1960களில் புதுச்சொல் வடித்தனர். அதனால் அவர்கள் அறிவியலிற் பின்தங்கினரா? கோடிக்கணக்கான மக்களையும் ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இலக்கியத்தையும் உடைய மொழிக்கு அஃது இயலாதென்பது அறியாமை, அன்றேல் சோம்பல்.

இயலும் என்பதற்குத் தமிழே சான்று. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது எள்ளியோர் பலர். இன்று 'அக்கிராசனர்' எங்கே? 'அபேட்சகர்' எங்கே? 'காரியதரிசி' எங்கே? தலைவரும் வேட்பாளரும் செயலாளரும் அவ்விடங்களில் அமர்ந்துள்ளனர். அன்று எள்ளியோரின் பேரன்மாரும் அச்சொற்களையே வழங்குகின்றனர்.

விருந்தும் தலையீடும்

இதனால் அயற்சொல் ஒன்றும் எங்கும் வரலாகாது என்பதன்று. வருவது விருந்தா தலையீடா என்று அறியும் கண் வேண்டும் என்பதே. தமிழரின் கட்டுமரமும் சுருட்டும் மிளகுதண்ணீரும் ஆங்கிலத்துட் சென்றன. அவை அங்கே எந்த ஆங்கிலச் சொல்லையும் துரத்தவில்லை. தாம் குறித்த பொருளோடு சென்று, திண்ணையில் விருந்தாய் அமர்ந்தன. இல்லாத பொருளோடு வரும் பெயர் விருந்து. இருக்கும் சொல்லை எழுப்பிவிட்டு அதன் இருக்கையில் அமர்வது தலையீடு. விருந்திற்கும் நாளடைவில் வீட்டுப்பெயர் சூட்டுவது தமிழ்மரபு. தலையீட்டிற்கோ கதவடைப்பதே முறை.

'என் செய்தியில் இண்டர்பியர் பண்ணாதே' என்று இன்று தமிழ்த்தெருவில் ஒருவன் மற்றொருவனைக் கடிகின்றான். தலையிடாதே, குறுக்கிடாதே, இடைபுகாதே, மூக்கை நுழைக்காதே எனத் தரந்தரமாய்ச் சொற்கள் அவன் வீட்டில் அடுக்கியிருக்க, இலத்தீனில் தோன்றிப் பிரெஞ்சில் திரிந்து ஆங்கிலக் குதிரையின் குளம்பில் ஒட்டிவந்த சொல்லை எடுத்து, அதற்குப் 'பண்ணு' என்னும் ஊன்றுகோலையும் கொடுத்து நடத்துகின்றான். தன் செய்தியிற் பிறன் புகுதலைப் பொறாதவன், தன் மொழியிற் பிறமொழி புகுந்தமையை உணராமலே பேசுகின்றான். தலையீட்டைத் தடுக்கும் அவன் வாய்மொழியிலேயே தலையீடு நிகழ்ந்து முடிந்துவிட்டது.

ஆங்கிலம் மூன்றாம் படியை ஏறிவிட்டது. இனி அதனால் இறங்கல் அரிது. தமிழோ இன்னும் இரண்டாம் படியில் நிற்கின்றது. பள்ளியிலும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் அயற்சொற்கள் துறைப்பொறுப்பை ஏற்றுக்கொண்டு வருகின்றன. வீட்டிலும் வயலிலும் தாய்ச்சொற்கள் இன்னும் உயிரோடுள்ளன. இறங்குதற்குக் காலம் உண்டு. நீண்ட காலம் இல்லை.

கலப்பது எளிது, கலந்தபின் பிரிப்பது அரிது. பிரிக்க இயலாதபோது அதற்குத் தலையீடு என்று பெயர். ஆங்கிலன் இதனைத் தன் சொல்லிலேயே எழுதிவைத்தான். தமிழன் அதனைப் படித்தேனும் விழிப்பானாக!